மறைசாட்சிகளின் வளைகுடாவில் ஒரு சிறு அட்டை

கனடா நாட்டின் டொரன்டோ மாநகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் சென்றால் மிட்லண்டு என்னும் சிற்றூரை அடையலாம். ஹியூரான் ஏரியின் ஒரு பகுதியாகிய ஜார்ஜியன் வளைகுடாவின் தென்கரையில் அமைந்தது அவ்வூர். ஏரி என்றதும் நம் ஊர்க் கண்மாயை நினைத்துவிடலாகாது. எதிர்க்கரை கண்ணுக்கெட்டாத நன்னீர்க் கடல் அது. அதன் கீழ்க்கரை நெடுகப் பாறைத் திட்டுகள் இறைந்து கிடக்கின்றன. ‘முப்பதாயிரம் தீவுகள்’ என்றே அவற்றை அழைக்கின்றனர்.

ஊரருகே குன்றின்மீது இரட்டைக் கோபுரங்களோடு நிற்கிறது மறைசாட்சிகள் திருத்தலம். 1926-இல் எழுப்பப்பட்ட இவ்வாலயத்திற்கு 1984 செப்டம்பர் 15 அன்று திருத்தந்தை புனித இரண்டாம் அருள் சின்னப்பர் வருகை தந்தார். டொரன்டோவில் வாழும் ஈழத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களும் கோடையில் இங்குத் திருயாத்திரை வருகின்றன.

இயேசு சபைக் குருவான புனித ஜான் தெ பிரெபெப் இங்கு வந்தது நீர் வழியாகத்தான். கியூபெக் பகுதியிலிருந்து ஹியூரான் மக்களின் மரப்பட்டை ஓடத்தில் ஏறக்குறைய 1300 கிலோமீட்டர் பயணம். 1649 மார்ச் 16 அன்று அவரும், மறுநாள் கபிரியேல் லாலமான் அடிகளும் இந்நிலத்தில் உயிர்ப்பலியாயினர். 1930-இல் திருச்சபை அவர்களைப் புனிதர்களாக உயர்த்தியது.

இப்பயணத்திற்கு வரும் இளங்குருக்களுக்காக பிரெபெப் அடிகள் 1637-இல் சில அறிவுரைகள் எழுதினார். அவை மறைநூல் விளக்கங்கள் அல்ல. ஓடத்தில் ஏறுமுன் காலணியைக் கழற்றுங்கள். மணலையும் நீரையும் உள்ளே கொண்டுவராதீர்கள். ஓட்டுபவர்களைக் காத்திருக்க வைக்காதீர்கள் என்ற பொருள்பட அவை அமைந்துள்ளன. ஓடத்தில் கால் வைப்பவன் அதில் உள்ள அனைவருக்கும் பொறுப்பாளி என்பதை அப்புனிதர் உணர்ந்திருந்தார்.

இன்று அந்த வளைகுடாவில் விசைப்படகுகள் விரைகின்றன. 1999-இல் கனடா அரசு ஒரு விதியைப் படிப்படியாகக் கொண்டுவரத் தொடங்கியது. 2009 செப்டம்பர் 15 முதல், இன்பப் பயணத்திற்காக விசைப்படகு ஓட்டும் எவரும் தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும். பெரும்பாலோர் தேர்வெழுதி ஓர் அட்டை பெறுகின்றனர். தேர்வில் நூற்றுக்கு 75 மதிப்பெண் பெற வேண்டும். ஒருமுறை பெற்ற அட்டை ஆயுள் முழுவதும் செல்லும். ஆனால் அது வீட்டுப் பெட்டியில் இருந்தால் போதாது. ஓட்டும்போது படகிலேயே இருக்க வேண்டும். காவலர் கேட்கையில் காட்ட இயலாவிடில் 250 டாலர் அபராதம். படகை வாடகைக்கு எடுப்பவர், உரிமையாளருடன் சேர்ந்து நிரப்பிக் கையொப்பமிட்ட பாதுகாப்புப் பட்டியலை உடன் வைத்திருந்தால், அந்த வாடகைக் காலத்திற்கு அதுவே சான்றாகும்.

“தலைமுறை தலைமுறையாகக் கடலில் வாழ்ந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு ஏன் தேர்வு?” என்று நம்மவர் கேட்கக்கூடும். ஒரு சான்று கூறுவோம். இந்தியாவிலும் இலங்கையிலும் கடலிலிருந்து துறைமுகத்தினுள் நுழையும்போது சிவப்பு மிதவை இடப்புறம் இருக்க வேண்டும். கனடாவிலோ அது வலப்புறம் இருக்க வேண்டும். நம் கரையின் பழக்கத்தையே நம்பிச் செல்பவன் அங்கே பாறையில் மோதுவான்!

நீரின் குளிரும் நமக்குப் பழக்கமற்றது. குளிர்நீரில் விழுந்தவனுக்கு முதல் நிமிடம் மூச்சை நிலைப்படுத்தவே சரியாகிவிடும். கைகால்கள் பயன்படுவது ஏறக்குறைய பத்து நிமிடம். ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பலாம். இதை அந்நாட்டார் ‘ஒன்று, பத்து, ஒன்று’ என்று கற்பிக்கின்றனர். எத்தனை வல்ல நீச்சல்காரனும் அந்தப் பத்து நிமிடங்களுக்குப் பின் லைஃப் ஜாக்கெட் இன்றித் தாக்குப்பிடிப்பது அரிது. படகில் உள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில் ஒன்று இருக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம். இருந்தும் படகு விபத்துகளில் மூழ்கி இறப்பவர்களில் பெரும்பாலோர் அதை அணியாதவர்களே.

அட்டை எவரையும் நீரில் தாங்காது என்பது உண்மையே. நம் மீனவரின் அடையாள அட்டை ‘இவர் யார்’ என்று சொல்லும். இந்த அட்டையோ ‘இவர் என்ன கற்றார்’ என்று சொல்லும். கற்றதைக் கரையில் விட்டுவிட்டுச் செல்லாதே என்பதே அதன் பொருள். ஆண்டவர் உரைத்த பத்துக் கன்னியர் உவமையில், விளக்கு எல்லோரிடமும் இருந்தது. எண்ணெயை உடன் எடுத்துச் சென்றவர் ஐவரே. மணமகன் வந்த வேளையில், கையில் இல்லாத எண்ணெய் எவருக்கும் உதவவில்லை.

கனடாவில் பிள்ளைகளையும் உறவினரையும் கொண்ட குடும்பங்கள் நம் பங்குகளில் பல உண்டு. கோடை வந்ததும் அவர்கள் ஏரிகளுக்குச் செல்வார்கள். அடுத்த முறை பேசும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “அட்டை படகில் இருக்கிறதா? லைஃப் ஜாக்கெட் குழந்தைகளின் உடலில் இருக்கிறதா?” அதன் பின் அவர்களுக்காக ஒரு செபமாலை சொல்லுங்கள்.