சங்கு ஊதாத தங்கவயல்

நம் வீட்டில் ஒரு குன்றுமணித் தங்கம் வாங்குவதற்குள் எத்தனை யோசனை! அது விளைந்த மண்ணைப் பார்க்க வேண்டுமென்று எனக்கு நெடுநாள் ஆசை. என் ஓரகத்தியின் அக்காள் கோலார் தங்கவயலில் வாழ்க்கைப்பட்டவள். பெங்களூர் போகும் வழியில் பங்காரப்பேட்டையில் இறங்கி, மாரிக்குப்பம் வண்டி ஏறினோம்.

மாரிக்குப்பம், உரிகமெல்லாம் ஒரு காலத்தில் வறண்ட பட்டிக்காடுகள். 1880-இல் ஜான் டெய்லர் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி வந்த பிறகு ஊரே மாறிவிட்டது. வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் மூங்கில் தட்டிக் குடிசைகளில் குடியேறின. அந்த வரிசைகளுக்கு 'லைன்' என்று பெயர். 1894-இல் ரயில், 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம். பெங்களூருக்கே 1905-இல்தானாம்! ஆனால் அந்த மின்சாரம் முதலில் சுரங்கத்துக்குத்தான், குடிசைக்கு இல்லை.

அக்காளின் மாமியாருக்கு எண்பது வயது. கேட்காமலே சொன்னார்:

"பூமிக்குள்ள பாறை வெடிச்சா இங்க அலமாரிப் பாத்திரம் கடகடன்னு ஆடும்மா. அடுப்பை அப்படியே விட்டுட்டு சுரங்க வாசலுக்கு ஓடுவோம். அவங்கவங்க ஆள் மேல வந்து முகத்தைக் காட்டுற வரைக்கும் உசிரே இருக்காது."

மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாம்! மாமனார் பாறையில் சாகவில்லை. கல்தூசி நெஞ்சில் தங்கி, இருமியே போனார். "ஆனா அந்தக் கூலியிலதானே நாலு பிள்ளைங்களும் படிச்சுது" என்றார் பாட்டி. கோபமா, நன்றியா, எனக்குப் புரியவில்லை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். சங்கு நின்றது. தங்கம் பிரித்த மண் மட்டும் சாம்பல் குன்றுகளாக நிற்கிறது. சயனைடு கலந்த மண். காற்றடித்தால் வாசலெல்லாம் பொடி. அக்காள் தண்ணீர்க் குடத்துக்கு ஈரத்துணி கட்டித் தட்டும் போட்டு மூடுகிறாள். துணி உலர்த்துவது வீட்டுக்குள்தான். காலையில் பெருக்கும்போது வாசலில் முதலில் தண்ணீர் தெளிக்காமல் துடைப்பத்தைத் தொட மாட்டாள்.

வெள்ளைக்காரன் போட்ட ரயில்தான் இன்று ஊருக்குச் சோறு போடுகிறது. விடியுமுன் பெங்களூர் வண்டியில் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகிறார்கள். அக்காளின் மருமகளும் ஒருத்தி. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். நாலு மணிக்கே எழுந்து புளிசாதம் கட்டிக்கொண்டு, தூங்குகிற குழந்தையின் தலையைத் தடவிவிட்டு ஓடுகிறாள். திரும்பும்போதும் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் கையால் ஊட்டினால் குழந்தை பாட்டியைப் பார்த்து அழுகிறது.