ஹவில்தார் ஐயாவும் புதிய ஆசிரியரும்

யான் இக்கல்லூரியில் மாணவனாயிருந்த மூன்றாண்டுகளில் எங்கள் கைப்பந்துக் குழுவிற்குப் பயிற்சியாளர் இருவர் வாய்த்தனர். முன்னவர் பட்டாளத்தில் ஹவில்தாராயிருந்து ஓய்வு பெற்று வந்தவர். பின்னவர் சென்னை நந்தனத்தில் உடற்கல்வி பயின்று பட்டம் பெற்ற இளைஞர். 1999-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் முன்னவர் விலகப் பின்னவர் வந்தனர். அம்மாற்றத்தால் யான் அடைந்த மனத்தாங்கலையும் அது தெளிந்த விதத்தையும் நமது சஞ்சிகையின் நேயர்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

எனது ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையேயுள்ளதொரு கரிசற் சிற்றூர். வானம் பார்த்த பூமி. மழை பெய்தாற் பருத்தியும் மல்லியும் விளையும். பொய்த்தாற் சீமைக்கருவேல் ஒன்றே விளையும். எந்தையார் அம்மரங்களை வெட்டிக் கரிமூட்டம் போட்டே குடும்பத்தைக் காத்தவர். ஆண்டிற் பல மாதங்கள் வறண்டு கிடக்கும் கண்மாயே எங்கள் ஆடுகளம். கம்பு இரண்டை நட்டுப் பழைய வலையொன்றைக் கட்டி ஆடுவோம். ஊருக்கெல்லாம் ஒரே பந்து. களத்தைச் சூழ்ந்து நின்றதோ முள். பந்து முள்ளிற் பாய்ந்ததாயின் அவ்வாண்டின் ஆட்டம் அன்றோடு முடிந்தது. ஆதலின் கூட்டத்தில் இளையவனாகிய என்னைப் பின்வரிசையில் நிறுத்தி, "பந்து முள்ளுக்குப் போனால் நீ வீட்டுக்குப் போகாதே" என்று மூத்தவர்கள் கட்டளையிட்டிருந்தனர்.

கல்லூரிக்கு வந்தபின் ஹவில்தார் ஐயா என்னைப் பின்வரிசையினின்றும் விடுவித்தார். பந்தை ஓங்கி அடிப்பதில் எனக்கிருந்த ஆசையைக் கண்டு, வலையருகே நின்று ஸ்மாஷ் அடிக்கும் பணியைத் தந்தார். வலையின் உயரம் 243 சென்டிமீட்டர். என் உயரம் 168. எனினும் இரண்டாண்டுகள் அவ்விடத்தே யான் குதித்துக்கொண்டிருந்தேன். ஐயா திருச்சுழிப் பக்கத்தவர்; எங்கள் சீமைப் பேச்சுப் பேசுவார். விடுதிக் கட்டணத்தில் எனக்குச் சலுகை வாங்கித் தந்தவரும் அவரே.

புதிய ஆசிரியர் வந்த பத்தாம் நாள் என்னை அழைத்து, "நீங்கள் இனி லிபரோ" என்றார். அனைத்துலகக் கைப்பந்துக் கூட்டமைப்பு 1998-இல் விதிகளிற் சேர்த்த புதிய இடம் அது. அவ்விடத்தான் பின்வரிசையில் மட்டுமே ஆடலாம்; பிறரினின்றும் வேறு நிறச் சட்டை அணிதல் வேண்டும்; வலைக்கு மேல் எழும் பந்தை அடித்தலாகாது, தடுத்தலாகாது, சர்வீஸ் போடலுமாகாது. யான் விரும்பியவை யாவும் ஒரே சொல்லிற் பறிபோயின. நண்பர் மூவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு வாரம் களத்திற்குச் செல்லாதிருந்தேன். குழுவினின்றும் நீக்கப்பட்டாற் சலுகை போம். சலுகை போனால் எந்தையாரின் கரி அதற்கு ஈடாகாது. இதனை அறிந்தே செய்தேன். இளமைச் செருக்கு அத்தகையது.

பட்டாளத்தார் நீங்கப் படித்தவர் வருதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1920-இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ.யின் சார்பில் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்குமுன், பள்ளிகளிற் பெரும்பாலும் பழைய சிப்பாய்களே டிரில் நடத்தி வந்தனர். எங்கள் புதிய ஆசிரியர் பயின்றதும் அப்பள்ளி வளர்ந்து ஆகிய கல்லூரியிலேதான். 1920-க்குப் பின்னும் மாணவர் எங்களைப் போலவே முணுமுணுத்திருப்பர் என்பது என் ஊகம்.

அவ்வாரச் சனிக்கிழமை பஸ் ஏறி, அருப்புக்கோட்டை வழியாகத் திருச்சுழி சென்று ஐயாவைக் கண்டேன். குண்டாற்று மணலில் நடந்தவாறே முறையீடு முழுவதையும் கேட்டார்.

"அவர் சொன்னது தப்பா?" என்றார்.

"தப்புத்தான் ஐயா. நீங்கள் என்னை முன்வரிசையில் அல்லவா வைத்திருந்தீர்கள்?"

சிறிது தூரம் பேசாது நடந்தார். பின்னர், "தம்பி, வலைக்கு முன்னால் நீ எட்டமாட்டாய் என்று எனக்கு முதல் வருஷமே தெரியும். நாளைக்குச் சொல்லிவிடுவோம், நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்றே இருந்தேன். உன் முகத்தைப் பார்த்தால் வாய் வராது. அந்தப் பிள்ளைக்கு உன்மேல் பாசம் கிடையாது, பத்து நாளில் சொல்லிவிட்டது" என்றார்.

அச்சொல் என்னைச் சுட்டது. இரண்டாண்டுகளில் நாங்கள் தோற்ற ஆட்டங்கள் ஒவ்வொன்றாய் நினைவிற்கு வந்தன. பேச்சை மாற்றும் பொருட்டு, அவரே திரும்பி வந்து புதியவரோடு சேர்ந்து குழுவை நடத்தலாகாதா என்று கேட்டேன். "ஓர் உறைக்கு இரண்டு கத்தியா?" என்று சிரித்தார்.

அங்ஙனம் நடந்ததும் உண்டென்பதைப் பின்னாளிற் படித்தறிந்தேன். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் பயிற்சியாளர் ஸாம் பாரி 1942-இல் யுத்தத்தை முன்னிட்டுக் கடற்படைக்குச் செல்ல, அவரிடம் ஆடிப் பழகிய ராட் டெடோ அப்பொறுப்பை ஏற்றார். யுத்தம் முடிந்து மீண்ட ஆசிரியர் மாணவரை எழுப்பிவிடவில்லை. இருவரும் கூடியே நடத்தி, 1948-இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்குரிய வாகையைச் சூடினர். பாரி 1950-இல் இறந்தபின் டெடோ 1986 வரை தனித்து நின்று மேலும் பத்து வாகைகள் பெற்றார். அவருக்குப் பின் வந்தவர் மைக் கில்லெஸ்பி. அவரும் டெடோவிடம் ஆடியவரே. அவரது முதல் வாகை 1998-இலேதான் கிட்டியது. பதினோராண்டுகள் அப்பெரும்பெயரின் நிழலில் அவர் நின்றிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை களத்திற்குச் சென்றேன். புதிய ஆசிரியர் ஒன்றும் வினவாமல் வேறு நிறச் சட்டையொன்றைக் கையிற் கொடுத்தார். "எல்லைக்கு வெளியே போகும் பந்தின் பின்னாலும் ஓடுகிறீர்களே, இது யார் கற்பித்தது?" என்று மட்டும் ஒருநாட் கேட்டார். முள்ளின் கதையைக் கூறினேன். அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

அவ்வாண்டின் முதற்பந்தயத்தைக் காண ஹவில்தார் ஐயா வந்திருந்தார். புதிய ஆசிரியர் தம்மருகே நாற்காலி போடச் செய்தும் அமராமல், வேம்படியில் நின்றே பார்த்தார். நாங்கள் தோற்றோம். எனினும் பின்வரிசையில் விழவிருந்த பந்துகள் பலவற்றை அன்று எடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று புறப்பட்டவர், என் சட்டையை ஒருமுறை பிடித்துப் பார்த்து, "நிறம் நன்றாயில்லை" என்று கூறிச் சென்றார்.