நிறைகூடையும் வெறுங்கூடையும்

பற்றாக்குறை நேர்ந்த காலத்து எதனைக் காப்பது, எதனை விடுவது என்று அறிந்தொழுகுதல் மக்கட்கே யன்றி யந்திரங்கட்கும் வேண்டுவதாம். இதனைக் கணிப்பொறியினுள் நிகழும் ஒரு சிறு தொழில்கொண்டு யாம் விளக்கப் புகுகின்றோம்.

வலைப்பின்னல் வழியே வரும் செய்தி, பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மேற்படாத சிறு பொதிகளாகவே வருகின்றது. அவற்றை ஏற்கும் கருவியை நடத்தும் நிரலுக்கு 'டிரைவர்' என்று பெயர். அது நினைவகத்திலிருந்து வெறுங்கலங்கள் பலவற்றை, 256 என்றாற்போல, முன்னரே பெற்று வட்டமாய் அடுக்கி வைக்கும். பொதியால் நிறைந்த கலம் மேலே அனுப்பப்படும்; அதனிடத்திற் புதுக்கலம் வைக்கப்படும். நினைவகம் நெருக்கடியுற்றபோதோ, 'கலம் இல்லை' என்னும் விடையே கிடைக்கும். பொதிகள் ஓயாது வருதலின், கலம் கிடைக்குமளவும் காத்திருக்க டிரைவருக்கு உரிமையில்லை.

அப்போது முன்யோசனையற்ற டிரைவர் யாது செய்யும்? நிறைந்த கலங்களை யெல்லாம் அனுப்பிவிட்டு, வட்டத்தை வெறுமையாக்கி நிற்கும். புதுப்பொதி வந்தாலன்றி அது விழிப்பதில்லை. கலமின்றிப் புதுப்பொதி புகவும் வழியில்லை. பின்னர் நினைவகம் எவ்வளவு ஒழிந்து கிடப்பினும் அது தானே எழமாட்டாது.

சென்ற மார்கழியில் யாம் ஏற்காட்டிற் சில நாள் தங்கியிருந்தோம். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820-களிற் கொணர்ந்த காப்பிப் பயிர், இன்றும் சேர்வராயன் மலைச் சரிவுகளை மூடியிருக்கின்றது. அங்கே பழம் பறித்த மூதாட்டி ஒருவர், நிறைந்த கூடையைக் கேட்ட மேஸ்திரியிடம், "முதல்ல காலிக்கூடையைக் குடுங்க மேஸ்திரி, அப்புறம் இதை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். டிரைவருக்கு வேண்டிய நெறி முழுவதும் அச்சொல்லில் அடங்கியிருக்கக் கண்டோம்.

1991 ஆம் ஆண்டில் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில், நல்ல டிரைவர்கள் பல இவ்வாறே நடக்கின்றன. முதலிற் புதுக்கலம் கேட்கும். கிடைத்தால் நிறைகலத்தை அனுப்பும். கிடையாதாயின் வந்த பொதியைத் துறந்து, பழைய கலத்தையே வட்டத்தில் திரும்ப வைக்கும். இழந்தவற்றின் கணக்கில் ஒன்று கூட்டும்.

ஈண்டு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. மூதாட்டி ஒரு பழத்தையும் எறியார், பறிப்பதை நிறுத்துவார். பழம் கொம்பிற் காத்திருக்கும்; பொதி காத்திராது. ஆயினும் டி.சி.பி. விதிப்படி, பெற்றதற்கு விடை வராத பொதியை அனுப்பினோரே மீண்டும் அனுப்புவர். பேச்சைச் சுமக்கும் பொதிகள் பெரும்பாலும் அங்ஙனம் மீள்வதில்லை; ஒரு கணம் குரல் தடைப்படும், அவ்வளவே. மலைச்சிற்றூரில் நோயாளியின் அருகிருந்து ஒருவர் சேலத்து மருத்துவரோடு பேசுங்கால், ஓரசை கெடுதலைப் பொறுக்கலாம். பேச்சே அற்றுப்போதலைப் பொறுக்கலாகுமோ?

ஆதலின், எல்லாவற்றையும் காக்க முயன்று முடங்குதலினும், சிறிது இழந்து தொழில் நடத்துதல் நன்று. இழந்ததை மறையாது கணக்கில் எழுதுதல் அதனினும் நன்று. அக்கணக்கைக் கண்டே பின்வருவோர் குறையைத் தீர்ப்பர்.