முகமறியாக் கைபேசி

டில்லியில் கரோல் பாக் பகுதியில் குடியிருக்கும் நம்மவர்க்குக் கஃபார் மார்க்கெட்டைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. எல்லைக் காந்தி கான் அப்துல் கஃபார் கானின் பெயரைத் தாங்கிய அக்கடைவீதி, ஒரு காலத்தில் அயல்நாட்டுச் சாமான்களுக்குப் பேர் போனதாக இருந்தது, இன்று கைபேசிக்கு. கண்ணாடி உடைந்ததும், நீரில் விழுந்ததும், பழையதைப் புதுப்பித்ததுமாக அங்கே கைமாறும் கருவிகளுக்குக் கணக்கில்லை. நான் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற ஒரே காரணத்தால், அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் யார் பழைய கைபேசி வாங்கப் புறப்பட்டாலும் என்னையும் துணைக்கு அழைப்பது வழக்கமாகிவிட்டது. கம்பிவடம் இணைக்கத் தெரிந்தவனுக்குக் கைபேசியின் உள்விவகாரமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயமோ! ஆயினும் போய்ப் போய்ச் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டேன்.

அவ்வாறு போகும்போதெல்லாம் காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு. விலை சற்று மலிவான ஐபோன் ஒன்றை எடுத்துக் காட்டிக் கடைக்காரர் சொல்வார்: “சிர்ஃப் ஃபேஸ் ஐடி நஹீ சல்தா; பாக்கி சப் டீக் ஹை.” முகம் பார்த்துத் திறப்பது ஒன்றுதான் இல்லை, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். அந்த ‘மற்றதெல்லாம்’ என்பதைப் பற்றித்தான் இங்கே சிறிது எழுத விரும்புகிறேன்.

முகம் பார்த்துத் திறக்கும் ஏற்பாடு 2017-ஆம் ஆண்டு வெளிவந்த ஐபோன் எக்ஸ் மாதிரியில்தான் முதன்முதலாக அந்நிறுவனத்தாரின் கைபேசியில் இடம்பெற்றது. திரையின் உச்சியிலுள்ள சிறு இடத்துக்குள் அதன் உறுப்புகள் அடங்கியிருக்கின்றன. ஓர் உறுப்பு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை முகமெங்கும் பரப்புகிறது. மற்றோர் உறுப்பு, அதே வகை ஒளியால் 30,000-க்கும் மேற்பட்ட நுண்புள்ளிகளை முகத்தின்மீது தெளிக்கிறது. மேட்டிலும் பள்ளத்திலும் விழுந்து புள்ளிகள் இடம் பிசகுவதை அகச்சிவப்புக் காமிரா பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிசகைக் கொண்டே மூக்கின் உயரமும் கண்குழியின் ஆழமும் கணக்கிடப்படுகின்றன. ஆகையால் இருட்டிலும் அது ஆளை அறியும். புகைப்படத்தைக் காட்டி அதனை ஏய்ப்பது எளிதன்று.

இவ்வளவு நுட்பமான உறுப்பு பழுதானால் கடையில் வேறொன்று வாங்கிப் பொருத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் முடிச்சு இருக்கிறது. தொழிற்சாலையிலேயே அவ்வுறுப்புக்கும் அக்கைபேசியின் மூளையான பலகைக்கும் மூன்று முடிச்சுப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இன்னொரு கைபேசியிலிருந்து கழற்றிய உறுப்பு, அச்சு அசலானதாகவே இருந்தாலும், இந்தப் பலகை அதனை ஏறெடுத்தும் பாராது. திருடன் ஒருவன் போலி உறுப்பை உள்ளே வைத்து, ‘இதோ உன் எஜமானரின் முகம்’ என்று பொய்ச்சாட்சி சொல்ல வைக்கக் கூடாதல்லவா? அதற்காக இந்தக் காவல். காரணம் நியாயமானதே. ஆனால் திருடனுக்காகப் போட்ட பூட்டு, நேர்மையான ரிப்பேர்க்காரரையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

இந்த வழக்கு நெடுநாளையது. முகத்துக்கு முன்பு விரல்ரேகை இருந்த காலத்தில், வெளியாரிடம் பொத்தானை மாற்றிக்கொண்டவர்களின் கைபேசிகள், மென்பொருளைப் புதுப்பித்தவுடன் ‘பிழை 53’ என்று காட்டி அடியோடு மடிந்துபோயின. 2016 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்தார் மன்னிப்புக் கோரி, அவற்றுக்கு உயிர் கொடுத்தார்கள். விரல்ரேகை மட்டும் திரும்பவில்லை. அவ்விவகாரம் தொடர்பாக 2018-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 2021-இல் ஐபோன் 13 வந்தபோது, வெளியார் திரையை மாற்றினாலே முகமறியும் வசதி நின்றுபோயிற்று. கூக்குரல் எழுந்த பிறகு அவ்வாண்டு டிசம்பரில் மென்பொருளைத் திருத்தினார்கள். பழைய கைபேசியிலிருந்து கழற்றிய அசல் உறுப்பையும் ஏற்க வழி செய்வதாக 2024-இல்தான் மனம் இறங்கினார்கள். அந்தச் சலுகையும் ஐபோன் 15 முதற்கொண்டுதான்; நம்மவர் கஃபார் மார்க்கெட்டில் பேரம் பேசும் மாதிரிகளோ பெரும்பாலும் அதற்கு முந்தியவை.

ஆகவே, ‘ஃபேஸ் ஐடி இல்லை’ என்பது ஒரு குறை மட்டுமன்று. அது ஒரு சாட்சியும் ஆகும். உள்ளே ஈரம் புகுந்திருக்கலாம். புள்ளி தெளிக்கும் உறுப்பு ஈரத்துக்கு மிகவும் அஞ்சுவது. அல்லது திரையை மாற்றிய கை பதற்றத்தில் மெல்லிய நாடா ஒன்றைக் கிழித்திருக்கலாம். ஈரம் புகுந்த கருவியில் இன்று முகமறியும் உறுப்பு போயிற்றென்றால், நாளை எது போகும் என்று யார் சொல்ல முடியும்? நுண்ணோக்கியின் கீழ், பழைய உறுப்பின் அடையாளம் தாங்கிய சில்லைப் புதிய நாடாவில் ஒட்டி உயிர்ப்பிக்கும் வித்தைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கைத்திறனைக் கண்டு நான் வியந்து நின்றதுண்டு. ஆனால் அவ்வுறுப்பு லேசர் ஒளியைப் பயன்படுத்துவது. முறையாக இருக்கும்வரை அவ்வொளி கண்ணுக்குத் தீங்கு செய்யாத அளவினது; உறுப்பு சிதைக்கப்பட்டதாகத் தெரிந்தால் அது நின்றுபோகும்படியும் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். அந்தக் காவலையும் சேர்த்து ஏய்த்துவிடும் ரிப்பேரை நாள்தோறும் முகத்துக்கு நேரே பிடிப்பதற்கு எனக்கு மனம் துணிவதில்லை.

எங்கள் மாடிவீட்டு அம்மாளுக்கு வேறு விதமான அச்சம். “யாரோ முகம் பார்த்த கருவியில் நானும் முகம் பார்ப்பதாவது! அவன் மூஞ்சி அதற்குள்ளேயே இருக்குமே!” என்று கேட்டார். கேள்வியில் எச்சில் தீட்டின் வாசனை சற்று இருந்தாலும், கேட்க வேண்டிய கேள்விதான். முகத்தின் கணக்கு அந்த உறுப்பில் தங்குவதில்லை. பலகையிலுள்ள தனிப்பெட்டகம் ஒன்றில், படமாக அன்றி, கணிதக் குறிப்பாகவே அது பூட்டி வைக்கப்படுகிறது. கைபேசியை முழுதும் அழித்துப் புதிதாக்கும்போது அழிந்தும் போகிறது. “அழித்த பின் வாங்கினால் தோஷமில்லை, அம்மா” என்றேன். அவர் பாதி சமாதானத்தோடு உள்ளே போனார்.

உண்மையான அபாயம் எனக்குத் தெரிந்தது வேறிடத்தில். எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மதுரைப் பக்கத்து இளைஞர் ஒருவர், தனியாகப் போய் ஒரு கடையில் முகமறியாத கைபேசி ஒன்றை வாங்கி வந்தார். விலையில் நாலாயிரம் மிச்சம். முகத்தால் திறக்காதென்றால் ஒவ்வொரு முறையும் எண்ணைத் தட்ட வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தால் யாருக்கும் அலுக்கும். ஆறு இலக்கத்தை நான்காகக் குறைத்தார். நினைவில் நிற்பதற்காகப் பிறந்த ஆண்டையே வைத்தார். பணம் அனுப்பும் ரகசிய எண்ணுக்கும் அதையே வைத்தார். பஸ்ஸில் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தவன் யாரோ தெரியாது. கைபேசி போய் அரைமணிக்குள், ஊருக்கு அனுப்ப வைத்திருந்த இருபத்திரண்டாயிரமும் போயிற்று. இரவு பத்து மணிக்கு என் கதவைத் தட்டினார்.

“சார், அம்மாவுக்கு என்ன சொல்றது?” என்றார். 1930 என்ற எண்ணில் உடனே புகார் சொல்லச் செய்தேன். வங்கிக் கணக்கை முடக்கச் செய்தேன். அவர் அம்மாவுக்கு என்ன சொல்வது என்பதற்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. பணம் திரும்பவில்லை. அம்மாதம் அவருடைய தங்கையின் கல்லூரிக் கட்டணம் நிலுவை நின்றது.

முகம் அறியாத கைபேசி பாதுகாப்பற்றது என்று இதனால் ஆகாது. ஆறு இலக்கத்தில், பிறர் ஊகிக்க முடியாத எண்ணை வைத்துக் காத்துக்கொள்ளும் பொறுமை உள்ளவர் தாராளமாக வாங்கலாம். அந்தப் பொறுமை தம்மிடம் உண்டா என்று கேட்டுக்கொள்ளாமல் நாலாயிரத்தைப் பார்ப்பதுதான் வினை.

பிறகு மூன்று மாதம் சென்று அவர் வேறொரு பழைய கைபேசி வாங்கியபோது நானும் உடன் போயிருந்தேன். நட்சத்திரக் குறி, கட்டக் குறி, 06, மீண்டும் கட்டக் குறி என்று தட்டி, அதன் பதினைந்து இலக்க எண்ணை எடுத்தோம். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு அதனை 14422-க்குச் செய்தியாக அனுப்பி, திருட்டுச் சாமான் என்று முடக்கப்பட்டதன்று எனத் தெரிந்துகொண்டோம். அமைப்புகளில் ‘பொது’ என்பதன் கீழ் ‘விவரம்’ என்னும் பக்கத்தைத் திறந்தால், மின்கலமோ திரையோ மாற்றப்பட்டிருந்தால் ஐபோன் 12 போன்ற மாதிரிகள் அதனைத் தாமே ஒப்புக்கொள்ளும். மின்கலம் மாற்றியது என்று வந்தது; அசல் என்றும் வந்தது. முந்திய உரிமையாளரின் கணக்கு நீங்கியிருந்தது.

கடைக்காரர் பணத்துக்குக் கையை நீட்டினார். நம் இளைஞர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தம் முகத்தைப் பதிவு செய்யத் தொடங்கினார். கழுத்தை வட்டமாகச் சுழற்றினார். மூக்குக்கண்ணாடியோடு ஒரு முறை, கழற்றி ஒரு முறை, கடையின் உள்ளே இருட்டு மூலைக்குப் போய் ஒரு முறை என்று திறந்து பார்த்தார். “இன்னும் எத்தனை தரம், பாய் சாப்?” என்று கடைக்காரர் இந்தியில் சிரித்தார். “இன்னும் ஒரு தரம்” என்று சொல்லிவிட்டு, நம்மவர் வெயிலுக்குப் போனார்.