ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

கிணறு வெட்டக் காசு கொடுத்தால் தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் கட்டக் கொடுத்தால் சுவரைத் தட்டிப் பார்க்கலாம். ஒரு போதகரைப் படிக்கவைக்கக் கொடுத்த காசை எங்கே போய்ப் பார்ப்பது? பட்டமளிப்பு விழாப் படத்தை அனுப்பிவிடலாம். அந்த மனிதர் பத்து வருடம் கழித்து ஒரு கிராமத்துச் சபையை எப்படி நடத்துகிறார், காணிக்கைப் பணத்தை எப்படிக் கையாளுகிறார், சண்டை வந்தால் யார் பக்கம் நிற்கிறார் என்பதெல்லாம் எந்தப் படத்திலும் வராது.

அதனால்தான் திருச்சபைத் தலைவர்களைப் பயிற்றுவிக்கப் பணம் கொடுப்பது, கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்கள் செய்யும் வேலைகளில் ரொம்பக் கடினமான ஒன்று. தப்பு நடந்தாலும் உடனே தெரியாது. தெரியும்போது ஒரு தலைமுறை போயிருக்கும்.

பெட்டி யாருடையது?

இந்தியாவில் இந்தக் கேள்வி ரொம்பப் பழையது. வங்காளத்தில் செராம்பூர் கல்லூரியை வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகிய மூவரும் 1818-இல் தொடங்கினார்கள். கேரி ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் வாங்கிய சம்பளம், மார்ஷ்மன் தம்பதி நடத்திய பள்ளிகளின் வருமானம், வார்டு கவனித்த அச்சகத்தின் வருமானம் எல்லாம் ஒரே பொதுப் பெட்டிக்குப் போயின. தங்கள் செலவுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை ஊழியத்துக்குக் கொடுத்தார்கள்.

அப்படியும் தகராறு வந்தது. கட்டடங்களும் நிலமும் யாருக்குச் சொந்தம்? இங்கிலாந்தில் இருந்த மிஷன் சங்கத்துக்கா, உழைத்துச் சம்பாதித்தவர்களுக்கா? பல ஆண்டுகள் நீண்ட இந்தச் சண்டையில் இரு தரப்பும் 1827-இல் பிரிந்தன. மறுபடி சேர்ந்தது 1837-இல். அதற்குள் மூவருமே ஏறக்குறைய போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மார்ஷ்மன் காலமானதும் அந்த 1837-இல்தான்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. கல்லூரிக்காக வார்டு அமெரிக்கா போய்ப் பணம் திரட்டினார். கொடுத்தவர்களில் சிலர், எங்கள் பணத்தை இறையியல் சொல்லிக்கொடுக்க மட்டும் செலவழியுங்கள், அறிவியலுக்குத் தொடாதீர்கள் என்று நிபந்தனை போட்டார்கள். கேரிக்கு அது பிடிக்கவே இல்லை. அறிவியல் படிக்காமல் ஒருவரை எப்படி நல்ல ஊழியராக்குவது என்பது அவருடைய கேள்வி.

இது இன்றைக்கும் நடக்கும் கதை. கணக்குப் பதிவியலில் இதை நிபந்தனைக்குட்பட்ட நிதி என்பார்கள். நிபந்தனை போடுவது கொடுப்பவரின் உரிமை. ஆனால் பாடத்திட்டத்தைக் காசோலையோடு சேர்த்து அனுப்புவது உரிமை ஆகுமா? பணம் எதற்குச் செலவாகிறது என்று கேட்பது வேறு. வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு தீர்மானிப்பது வேறு.

நாற்பது லட்சம் டாலர்

1957 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1958 ஜனவரி வரை, அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த கானாவில் சர்வதேச மிஷனரி மன்றம் கூடியது. அங்கே இறையியல் கல்வி நிதி என்ற ஒன்று பிறந்தது. ராக்பெல்லர் தரப்பு 20 லட்சம் டாலர் கொடுக்க முன்வந்தது. அமெரிக்க மிஷன் சங்கங்கள் அதற்கு ஈடாக இன்னொரு 20 லட்சம் போட வேண்டும் என்பது ஏற்பாடு. போட்டார்கள்.

இந்த 'நீ பாதி, நான் பாதி' முறையில் ஒரு நல்ல விஷயம் உண்டு. தனக்கும் ஒரு பங்கு போயிருக்கிறது என்றால் எல்லோருக்கும் அக்கறை வரும். இரண்டாவது நல்ல விஷயம், இந்த நிதிக்குக் காலக்கெடு இருந்தது. மூன்று கட்டங்களாக நடந்து 1977-இல் முடிந்து, உலகத் திருச்சபை மன்றத்தின் வேறொரு திட்டமாக மாறியது.

முதல் கட்டத்தில் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கக் கல்லூரிகளின் தரத்தை உயர்த்துவதே குறி. நூலகங்களுக்குப் புத்தகம், ஆசிரியர்களுக்கு மேற்படிப்பு. அந்தத் தரத்தை அளந்த கோல் பெரும்பாலும் மேற்கத்தியக் கோல். மூன்றாம் கட்டத்தில் நிதியின் இயக்குநராக இருந்தவர் தைவானைச் சேர்ந்த ஷோகி கோ. அவர் காலத்தில் கேள்வி மாறியது. இந்தப் படிப்பு அந்தந்த மண்ணுக்குப் பொருந்துகிறதா என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1972-இல் வந்த அவர்கள் வெளியீடு இதைத்தான் பேசியது. கொடுக்கும் அமைப்பே தன் அளவுகோலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டது அபூர்வம்தான்.

ஊருக்குத் திரும்பாத படிப்பு

தலைநகருக்கு அழைத்துப் படிக்கவைத்தால் என்ன ஆகும்? கவுதமாலாவில் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரிக்கு இது அனுபவப் பாடம். கிராமத்தில் ஏற்கெனவே பெரியவராக மதிக்கப்பட்டவர்களுக்கு நிலம், குடும்பம், பிழைப்பு இருந்தது. அவர்களால் மூன்று நான்கு வருடம் விட்டுவிட்டு வர முடியாது. வந்த இளைஞர்களுக்கோ பட்டணம் பழகிப்போய்க் கிராமம் கசந்தது. ஆகவே 1963-இல் முறையைத் தலைகீழாக்கினார்கள். பாடத்தைப் புத்தகமாக்கி மாணவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் வாரம் ஒருமுறை அருகிலுள்ள மையத்துக்குப் போனார். இந்தியாவில் இதே முறையை 1971 முதல் டாஃப்டி என்ற அமைப்பு பெங்களூரிலிருந்து நடத்துகிறது.

நிதி கொடுப்பவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. விடுதிக் கட்டடம் மூலதனச் செலவு. பெயர்ப்பலகை மாட்டலாம். பேருந்துக் கட்டணமும் அச்சுச் செலவும் வருவாய்ச் செலவு. பலகை மாட்ட இடமில்லை. ஆனால் தலைவர் உருவாவது பெரும்பாலும் அந்தப் பேருந்துக் கட்டணத்தில்தான்.

மேற்படிப்புக்கு வெளிநாடு போகத்தான் வேண்டும் என்றால்? இங்கிலாந்து போதகர் ஜான் ஸ்டாட் 1969-இல் லாங்கம் அறக்கட்டளையைத் தொடங்கினார். அவருடைய புத்தகங்களின் ஆதாயத் தொகையும் ஏழை நாட்டுப் போதகர்களுக்குப் புத்தகம் வாங்கப் போனது. அவர்களின் முனைவர் பட்ட உதவித்தொகையில் படித்து முடித்துச் சொந்த நாட்டுக்குத் திரும்பிக் கற்பிக்க வேண்டும் என்பது அடிப்படை எதிர்பார்ப்பு. ஒருவரைப் படிக்கவைத்தால் அவர் நூறு பேரைப் படிக்கவைப்பார் என்ற கணக்கு.

சட்டமும் பவுலும்

இன்று இந்தியாவுக்கு வெளிநாட்டுப் பணம் வரவேண்டுமானால் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். 2020-இல் வந்த திருத்தம் பிடியை இறுக்கியது. வாங்கியவர் அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்தது 20 சதவீதமாகக் குறைந்தது. பணம் முதலில் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில் வந்து இறங்க வேண்டும். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும்.

பெரிய அமைப்பு ஒன்று வாங்கி, பதிவு இல்லாத சின்னப் பயிற்சி மையங்களுக்குப் பிரித்துக் கொடுத்த வழி இதனால் அடைபட்டது. சின்ன மையங்களுக்கு இது பெரிய அடி. அதே சமயம் வெளிநாட்டுக் காசை மட்டும் நம்பினால் ஒரு சட்டத் திருத்தத்தில் வகுப்பறை பூட்டப்படலாம் என்பதும் தெரிந்துபோனது.

சிலர், ஊழியத்துக்கு எதற்குக் கணக்கு, வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று இயேசுவே சொல்லவில்லையா என்பார்கள். அது கொடுக்கிறவர் பெருமையடிக்காமல் இருக்கச் சொன்னது. பணத்தைச் சுமக்கிறவருக்குச் சொன்னது இல்லை. எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையை எடுத்துப்போக, பவுல் தீத்துவோடு சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் சேர்த்துத்தான் அனுப்பினார். யாரும் குறை சொல்லக்கூடாது என்பதே காரணம். தணிக்கையாளர் என்ற சொல்லே இல்லாத காலத்தில் நடந்த தணிக்கை இது.

கைப்பிடி அரிசி

1903-இல் திருநெல்வேலியில் வேதநாயகம் அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தபோது ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியர்களுடையதாகவே இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். பணக்காரர்கள் எடுத்த முடிவு இல்லை அது. தென் மாவட்டத்துச் சபைகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுவைத்து ஆலயத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் இருக்கிறதே, அந்த ரகம்.

அதற்காக வெளியிலிருந்து உதவியே கூடாது என்று சொல்வதற்கில்லை. நூலகமும் ஆராய்ச்சிப் படிப்பும் பிடி அரிசியில் முடிகிற காரியங்கள் இல்லை. ஆனால் பொறுப்போடு கொடுக்க நினைக்கும் நிறுவனம் காசோலையில் கையெழுத்திடும் முன் சில கேள்விகள் கேட்கலாம். மாணவரைத் தேர்ந்தெடுத்தது யார், அவருடைய சபையா, நாமா? அந்தச் சபை தன் பங்காக எவ்வளவு போட்டிருக்கிறது? ஊர்ச் சபை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் படித்தவர் அங்கே வேலை செய்ய ஒப்புக்கொள்கிறாரா? சொத்து யார் பெயரில் இருக்கிறது? நம் உதவி எந்த ஆண்டு நிற்கும் என்று அவர்களுக்கு இப்போதே சொல்லிவிட்டோமா?

கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் எல்லோருக்கும் கூச்சம். கேட்காமல் விட்டால், நிதி நின்ற அடுத்த ஜூன் மாதத்தில் சேர்க்கைக்கு வந்து நிற்கும் பையனுக்குத்தான் அதன் பதில் தெரியும்.