சந்தேகம் யார் மேல?

பேப்பர்ல 'சந்தேக மரணம்'னு படிச்சதும் உங்களுக்கு என்ன தோணும்? யாரோ போட்டுத் தள்ளிட்டாங்கன்னுதானே? எங்க ஊருக்கும் அப்படித்தான் தோணுச்சு.

2017-ல நான் செகண்ட் இயர். கம்பம் பக்கத்துல திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போன மாமா, பந்தலுக்கு அடியிலேயே செத்துக் கிடந்தார். எஃப்.ஐ.ஆர். காப்பியை வாங்கித் தெருவுல நின்னு வாசிச்சது நான்தான். 'சந்தேக மரணம், பிரிவு 174.' சத்தமா வாசிச்சுத் தொலைச்சேன் ப்ரெண்ட்ஸ்! கருமாதிக்குள்ள ஊரே அத்தையை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பிச்சிடுச்சு. "போலீஸே சந்தேகம்னு எழுதியிருக்காகளே..."

மனசு கேக்காம ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர், வயசான மனுஷன். "தம்பி, சந்தேகம் இன்னும் ஆள் மேல இல்ல, காரணத்து மேல"ன்னார். தற்கொலை, விபத்து, மிருகம் அடிச்சது, மெஷின்ல மாட்டினது எல்லாமே அந்த 174-லதான் வருமாம். (2024 ஜூலை 1-லேருந்து அது புதுச் சட்டத்துல 194.)

பிரேத விசாரணை, பிரேதப் பரிசோதனை ரெண்டும் ஒண்ணுன்னுதான் நினைச்சிருந்தேன். நீங்களும்தானே? முதலாவது, பஞ்சாயத்தார் முன்னால போலீஸ் உடம்பைப் பார்த்து, காயம் இருக்கான்னு எழுதறது. டாக்டர் அறுத்துப் பார்க்கறது ரெண்டாவது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள ஒரு பொண்ணு செத்தா, ஆர்.டி.ஓ.வே விசாரிக்க வருவார்.

அப்புறம் 'விஸ்ரா அனுப்பியாச்சு'ன்னாங்க. ஏதோ ஃபைல்னு நினைச்சேன்! இரைப்பை, குடல், ஈரல், கிட்னியில கொஞ்சம் எடுத்து, உப்புக்கரைசல்ல போட்டு, சீல் வச்சு, தடய அறிவியல் லேபுக்கு அனுப்பறதுதான் அது. ஃபார்மலின்ல போட்டா விஷத்தைக் கண்டுபிடிக்கறது சிக்கல். மெட்ராஸ்ல 1849-லயே விஷம் பார்க்க லேப் இருந்திருக்கு, தெரியுமா?

ரிசல்ட் வர மாசக்கணக்காச்சு. அதுவரைக்கும் அத்தையை ஒரு விசேஷத்துக்கும் யாரும் கூப்பிடலை.

சட்டத்துல 'பாதிக்கப்பட்டவர்'னா, செத்தவரோட வாரிசும் சேர்த்திதான். 2009 டிசம்பர் 31-லேருந்து அப்படி. ஆனா ஒரு குற்றமும், அதுக்கு ஒரு குற்றம் சாட்டப்பட்டவரும் இருந்தாத்தான் அந்த வார்த்தை. மாமா கேஸ்ல குற்றமே இல்லை. நஞ்சு இல்லை, மாரடைப்புன்னு டாக்டர் எழுதிட்டார். அப்போ அத்தைக்கு என்ன பேரு? ரைட்டர்கிட்டயும் பதில் இல்லை.

ரிப்போர்ட்டை வீட்டுக்குள்ள உக்காந்து அத்தைக்கு மெதுவா வாசிச்சேன். அத்தை எழுந்து போய் வாசக்கதவைத் திறந்து வச்சாங்க.

"அன்னிக்குத் தெருவுல வாசிச்சேல்ல மருமகனே, இதையும் அங்கயே போய் வாசி."