சராசரி சொல்லாத காற்று

மலேசியாவில் ஜொகூரின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங்கில் காற்றாலை எடுபடாது என்பவர்கள் முதலில் நீட்டுவது ஆண்டுச் சராசரியைத்தான். நொடிக்கு 3 மீட்டரை ஒட்டிய வேகம். பெரிய காற்றாலைகளின் இறக்கை அப்போதுதான் அசையவே தொடங்கும். கணக்கு சரிதான். ஆனால் காற்றின் வேகம் இரட்டித்தால் அது நொடிக்குக் கொண்டுவரும் ஆற்றல் எட்டு மடங்காகும். பாதி நேரம் 2 மீட்டர், பாதி நேரம் 6 மீட்டர் என்று அடிக்கும் காற்றுக்குச் சராசரி 4. நாலை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் 64. இரண்டையும் ஆறையும் தனித்தனியே அப்படிப் பெருக்கி, பிறகு சராசரி எடுத்துப் பாருங்கள்: 112.

அதற்காக மெர்சிங்கில் காற்றாலைகளை நட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வெளுத்து வாங்கும்; மற்ற மாதங்களில் கடற்காற்றை நம்பியிருக்க வேண்டியதுதான். தமிழ்நாட்டின் ஆரல்வாய்மொழிக்கு வாய்த்த கணவாய் இங்கே இல்லை.

ஆனால், கருவி 0 என்று காட்டினால் மட்டும் நான் உடனே நம்புவதில்லை. கடலோர உப்பு பேரிங்கில் ஏறினால் காற்றுமானியின் கிண்ணங்கள் இளங்காற்றுக்கு அசையாது. பக்கத்தில் காற்றுத்திசைகாட்டி மட்டும் இங்குமங்கும் திரும்பிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு கருவிகளின் பதிவுகளையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் எது அமைதி, எது பழுது என்று பிடிபடும்.

புகைமூட்டத்திலும் சராசரியின் கதை இதேதான். 2013 ஜூன் 23-ஆம் தேதி காலை ஜொகூரின் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவித்தார்கள். மலாக்கா நீரிணைக்கு அக்கரையில் இந்தோனேசியாவின் ரியாவ் கரிநிலங்கள் எரிந்துகொண்டிருந்தன. அன்றைய குறியீட்டில் நுண்துகள்களுக்குப் முந்தைய 24 மணி நேரத்தின் சராசரியைத்தான் எடுத்தார்கள். காற்று திசை மாறிப் புகை விலகினாலும் எண் உடனே இறங்காது. புதிய புகை வந்து கவிந்தாலும் உடனே ஏறாது. “சார், பிள்ளைங்கள திடலுக்கு விடலாமா?” என்று ஓர் ஆசிரியை கேட்டால், அவருக்கு வேண்டியது நேற்றைய புகையும் கலந்த எண் அல்ல, இந்த மணி நேரத்தின் அளவு. மலிவுக் கருவிகளிடம் கேட்டாலும் சிக்கல்தான். விடியற்காலை ஈரத்தில் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப்போகும். ஒளிச்சிதறலை வைத்து அளக்கும் கருவி அதையும் புகை என்றே எண்ணிக்கொள்ளும். ஈரப்பதமானி பக்கத்தில் இல்லாத கருவியின் காலை அளவுகளை நான் தனியாக ஒதுக்கிவைத்துவிடுவேன்.

ஜொகூரின் பாசிர் கூடாங்கில் நடந்தது வேறு வகை. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, பிள்ளைகள் மூச்சுத் திணறி, 111 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. குறியீட்டில் சேர்ந்தவை ஆறு: இருவகைத் துகள்கள், கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன். பென்சீன் போன்ற ஆவிகளுக்கு அதில் இடமில்லை. ஆவி எந்தத் தெருவுக்குப் போகிறது என்று தேட, அந்தந்த நிமிடத்துக் காற்றுத்திசை வேண்டும். கடலோரத்தில் காலைக்கும் மாலைக்கும் காற்று திசை மாறிவிடும். நாளின் சராசரித் திசையில் போனால் தப்பான தெருவில்தான் போய் நிற்போம்.

அதனால் கருவி வைக்க இடம் தருபவர்களிடம் நிமிடத்துக்கு ஒரு பதிவு கேட்பேன். “அவ்வளவையும் எங்கே சேர்த்து வைப்பது?” என்பார்கள். ஓராண்டுக்கு 525,600 வரிகள். சாதாரணப் பென்டிரைவின் ஒரு மூலைகூட நிறையாது.